துலக்கலும் புனைதலும்: ஒளிப்படத் திருத்தத்தின் எல்லைகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஒளிப்படத்தைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ மாற்றியமைப்பதற்கு நம்மிடையே இன்று வழங்கும் சொல் 'எடிட்' என்பதே. மங்கலான படத்தைச் சற்றுத் தெளிவாக்கினாலும் எடிட்; ஓரத்தை வெட்டினாலும் எடிட்; அவ்விடத்தில் இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் எடிட். நூல்களைப் பொறுத்தவரை தமிழ் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. ஏட்டைப் பார்த்து எழுதுவது படியெடுத்தல். பல படிகளை ஒப்பிட்டு வெளியிடுவது பதிப்பித்தல். பிழை நீக்குவது திருத்துதல். பிற்காலத்தார் தம் சொல்லை மூலத்துள் நுழைப்பது இடைச்செருகல். ஒவ்வொன்றையும் செய்தவரின் பொறுப்பு வேறு ஆதலால் பெயரும் வேறாயிற்று. ஒளிப்படத்துக்கு அத்தகைய சொற்பாகுபாடு நம்மிடம் இன்னும் நிலைபெறவில்லை. மொழி மன்றத்தின் மேடையில் ஒளிப்படத்தைப் பற்றிப் பேச முற்பட்டதற்கு இக்குறையே முதற்காரணம்.

இவ்வுரையில் இரண்டு சொற்களைக் கொண்டு நடக்க விழைகிறோம். படத்தில் முன்பே பதிந்திருப்பதைக் கண்ணுக்குப் புலப்படச் செய்வதைத் 'துலக்கல்' என்போம். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும்போது புதிய விளக்கொன்று உண்டாவதில்லை. இருந்த விளக்கே தெரியவருகிறது. பதியாததைச் சேர்ப்பதையும் பதிந்ததை அகற்றுவதையும் 'புனைதல்' என்போம். புனைதல் இழிவான சொல்லன்று. காப்பியங்கள் யாவும் புனையப்பட்டவையே. புனைந்ததைக் கண்டதாகச் சொல்லும்போதுதான் வழக்கு எழுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை ஒளிப்பட வரலாறு பலமுறை வரைந்தும் அழித்தும் பார்த்திருக்கிறது. அந்த எல்லையை வரைந்தது எக்காலத்திலும் கருவி அன்று. பார்ப்பவர் அப்படத்தை எதன்பொருட்டு நம்புகிறார் என்பதே என்பது நம் கருத்து.

மேகமும் கல்வெட்டும்

1839ஆம் ஆண்டு பாரிசில் டாகேர் தம் முறையை உலகுக்கு அறிவித்தபோது, ஒவ்வொரு படமும் படியெடுக்க இயலாத ஒற்றைத் தகடாகவே இருந்தது. 1841இல் இங்கிலாந்தில் டால்பட் காப்புரிமை பெற்ற முறையோ வேறு. அதில் முதலில் கிடைப்பது ஒளியும் இருளும் தலைகீழான நெகட்டிவ். அதிலிருந்து வேண்டுமளவு படிகளை அச்சிடலாம். நெகட்டிவுக்கும் அச்சுக்கும் இடையே ஓர் இடைவெளி பிறந்தது. 'இப்படத்தை எவ்வாறு ஆக்குவது' என்னும் கேள்வி அந்த இடைவெளியில்தான் குடியேறியது. மின்னிலக்கப் படங்களுக்கு முன் நாம் அமர்ந்து முடிவெடுக்கும் இடமும் அதுவே.

கேள்வியை முதலில் கட்டாயமாக்கியது வானம். அக்காலத்து வேதிப்பொருள்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டன. நிலமும் கட்டடமும் சரியாகப் பதியும்வரை காத்திருந்தால் வானம் மிகையாகப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாக வந்தது. படம் எடுத்தவரோ மேகங்களைக் கண்ணால் கண்டிருந்தார். வெற்று வானத்தை அப்படியே விடுவது உண்மையா, மேகத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது உண்மையா? 1850களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானுக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து இரண்டையும் ஒரே அச்சில் இணைத்தார். அப்படங்களை மக்கள் வியந்து வாங்கினர்.

தமிழ் நிலத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று இக்காலத்திலேயே கிடைக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக் குழுவோடு ஒளிப்படக்காரராகப் போனார். பின்னர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1857ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1858இல் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் கோயில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். அவருடைய நெகட்டிவ்களைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அவற்றில் பலவற்றின்மேல் வண்ணம் பூசப்பட்டிருப்பதைக் கண்டனர். வானில் மேகங்கள்போலத் தோன்றுவதற்கும், இருண்டுபோன மரங்களின் இலைகள் பிரிந்து தெரிவதற்கும் அவர் தூரிகையைப் பயன்படுத்தியிருந்தார். அரசாங்க ஆவணமாகவே எடுக்கப்பட்ட படங்களில், நம் ஊர்க் கோயில்களுக்கு மேலே மிதக்கும் மேகங்களில் சில வானத்திலிருந்து வந்தவை அல்ல.

ஆயினும் அவரே தஞ்சைப் பெரிய கோயிலில் வேறொரு வேலையைச் செய்தார். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கோயிலின் விமானத்து அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. எந்தக் காமிராவும் ஒரே பார்வையில் அவ்வளவு நீண்ட எழுத்து வரிசையை அடக்காது. டிரைப் அடுத்தடுத்து இடம் மாறி நின்று எடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று இணைத்து, 19 அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். இதுவும் திருத்தமே, இயற்கையில் எவரும் ஒரே கணத்தில் காணாத காட்சியே. ஆனால் எழுத்தின் வரிசை குலையவில்லை. ஒரு வரி கூடவுமில்லை, குறையவுமில்லை. கல்வெட்டு தொடர்ந்து தெரியவேண்டும் என்பதற்காகவே இணைப்பு நிகழ்ந்தது.

ஒரே மனிதர், ஒரே பயணம், ஒரே கருவி. மேகத்தைத் தீட்டிய அதே கை கல்வெட்டின் ஓர் எழுத்தைத் தீட்டியிருந்தால் என்னவாகும்? சிதைந்த எழுத்தொன்றை 'இன்னதாக இருக்கும்' என ஊகித்துத் தெளிவாக்கியிருந்தால், படம் அழகாகியிருக்கும்; அதன் பயன் முற்றாக அழிந்திருக்கும். வானத்தைப் பார்த்து எவரும் வரலாறு எழுதப்போவதில்லை என்று டிரைப் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணமும் முழுதும் சரியன்று; பழைய வானிலையை ஆராய்பவருக்கு அந்த மேகங்கள் பொய்ச்சாட்சி ஆகும். படத்தை நாளை யார் எதற்காகப் பார்ப்பார் என்பதைப் படம் எடுப்பவர் முழுதும் அறிய இயலாது. பிற்காலத்துச் சிக்கல்கள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

கலைக்காகப் புனைந்தவர்களைப் பற்றி ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரு நீதிக்கதைப் படத்தை ஆக்கினார்; விக்டோரியா அரசியார் அதன் படியொன்றை வாங்கினார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, இறந்துகொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணின் படுக்கையைச் சுற்றிக் குடும்பத்தார் நிற்கும் காட்சியை அமைத்தபோது, இத்தகைய துயரத்தைப் படமாக்கலாமா எனப் பலர் மனம் வருந்தினர். ஓவியமாகத் தீட்டியிருந்தால் அவ்வருத்தம் எழுந்திராது. ஒளிப்படம் என்றவுடன் 'இது நடந்தது' என நெஞ்சம் கொள்கிறது; அந்நம்பிக்கை அன்றே வேரூன்றிவிட்டது.

நிலவு காட்டிய நாள்

இருட்டறைக் கலையின் உச்சியைக் காண அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸிடம் செல்ல வேண்டும். 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்து மாலை ஒன்றில் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாலையில் காரோட்டிச் சென்றவர், ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழுவதையும், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் சாயும் வெயிலில் ஒளிர்வதையும் கண்டார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு அவர் மனத்தில் இருந்தது. அதைக் கொண்டே கணக்கிட்டு ஒரே ஒரு நெகட்டிவை எடுத்தார். இரண்டாவதை எடுப்பதற்குள் சிலுவைகளைவிட்டு வெயில் அகன்றுவிட்டது.

அந்த நெகட்டிவ் அச்சிடக் கடினமானது. கீழ்ப்பகுதி மெலிந்திருந்தது, வானில் வெண்மேகங்கள் பரவியிருந்தன. 1948இல் ஆடம்ஸ் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் வேதிக்கரைசலில் வலுவேற்றினார். அச்சிடும்போது சில இடங்களில் ஒளியைக் கையால் மறைத்தும் சில இடங்களில் மிகுதியாக விழச்செய்தும் பல்லாண்டுகளாக அப்படத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளாக அச்சிட்டார். தொடக்ககால அச்சுகளில் வானில் மேகம் தெரிகிறது. பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறையக் கரிய பட்டாகவே இருக்கிறது. நெகட்டிவை இசைக்குறிப்பாகவும் அச்சினை அரங்கில் நிகழும் இசையாகவும் அவர் கருதினார். இசைவாணர் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகப் பாடலாம். பாட்டை மாற்றிவிட இயலாது.

இதனோடு ஒட்டிய செய்தியொன்று வரலாறு பயில்வோர் இன்புறத் தக்கது. ஆடம்ஸ் தம் படங்களின் நாளைக் குறித்துவைப்பதில் அக்கறையற்றவர். இப்படத்துக்கே வெவ்வேறு ஆண்டுகளைக் கூறியிருக்கிறார். பின்னர் வானியல் அறிந்தவர்கள் படத்தில் நிலவு இருக்கும் உயரத்தையும் திசையையும் அளந்து, கணினியின் துணையோடு நாளைக் கண்டுபிடிக்க முற்பட்டனர். 1991இல் ஸ்கை அண்ட் டெலஸ்கோப் இதழைச் சேர்ந்த டென்னிஸ் டி சிக்கோ அது 1941 நவம்பர் முதல் நாள் மாலை ஐந்து மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு எனக் கணித்தார். வானத்தைக் கருமையாக்கியவர் நிலவை இம்மியும் நகர்த்தவில்லை. ஆதலால் அந்தப் படம் கலையாகவும் இருந்தது, சான்றாகவும் நின்றது.

இதிலிருந்து ஒரு விதியைப் பெறலாம்போல் தோன்றும்: ஒளியையும் இருளையும் மாற்றலாம், பொருளின் இடத்தை மாற்றலாகாது. 1982 பிப்ரவரி மாதத்து நேஷனல் ஜியோகிராபிக் இதழ் இவ்விதியை மீறிப் புகழ்பெற்றது. கீசாவின் பிரமிடுகளை அகலவாட்டில் எடுத்த படத்தை நெடிய அட்டைக்குள் அடக்குவதற்காகக் கணினிக் கருவியால் ஒரு பிரமிடை மற்றொன்றின் அருகே நகர்த்தினர். நாலாயிரம் ஆண்டுகளாக நகராத கல்மலை ஓர் அட்டையின் அளவுக்காக நகர்ந்தது. காமிராவைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தாலும் அவ்வாறே தெரிந்திருக்கும் என்னும் சமாதானம் வாசகரிடம் எடுபடவில்லை. ஃபோட்டோஷாப் கடைக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

நிறம் மாறினால்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் நோல் 1987இல் எழுதத் தொடங்கி, தம் தம்பி ஜானுடன் சேர்ந்து வளர்த்த நிரலை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என வெளியிட்டது. அதன் கருவிப்பெட்டியில் ஒளியைக் குறைக்கவும் கூட்டவும் உள்ள இரு குறிகளை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும். ஒன்று குச்சியில் செருகிய வட்டத் தகடு. மற்றொன்று குவிந்த கை. ஆடம்ஸ் போன்றோர் இருட்டறையில் ஒளியை மறைக்கவும் வடிக்கவும் கையாண்டவையே அவை. இருட்டறையைக் காணாத தலைமுறையும் அதன் கையசைவுகளைத்தான் இன்று விரல் நுனியால் செய்கிறது. மாறியவை வேகமும் தடயமின்மையும்: தூரிகை பட்ட நெகட்டிவில் வண்ணம் எஞ்சும், புள்ளிகளாலான கோப்பில் எதுவும் எஞ்சுவதில்லை.

'ஒளியை மாற்றலாம், இடத்தை மாற்றலாகாது' என்னும் விதி 1994இல் உடைந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்சனின் காவல்துறைப் படத்தை அமெரிக்காவின் டைம், நியூஸ்வீக் ஆகிய இரு வார இதழ்களும் ஒரே வாரத்தில் அட்டையில் வெளியிட்டன. நியூஸ்வீக் இருந்தவாறே அச்சிட்டது. டைம் இதழின் ஓவியர் முகத்தைக் கருமையாக்கி, ஓரங்களை மங்கலாக்கினார். கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கியபோது எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பொருளும் நகரவில்லை, ஒன்றும் சேரவில்லை, மாறியது நிறத்தின் அளவு மட்டுமே. ஆயினும் கரிய தோலை மேலும் கரிதாக்கினால் அச்சம் கூடும் என்னும் பழைய வன்மம் அதில் வெளிப்பட்டது. ஹெர்னாண்டஸ் வானத்தை ஆடம்ஸ் கருமையாக்கியதும் இதுவும் செயலால் ஒன்றே. ஆனால் வானத்துக்கு மானம் இல்லை.

நிறம் என்று வரும்போது நம் இனத்தார் வாளா இருத்தலாகாது. வண்ணப்படச் சுருளை உலகெங்கும் விற்ற கோடாக் நிறுவனம், அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஓர் அட்டையை வழங்கிவந்தது. ஷெர்லி அட்டை என வழங்கிய அதில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண்மணி. அவருடைய தோல் சரியாக வந்தால் படம் சரி. அவ்வளவுகோலால் அச்சிடப்பட்ட கூட்டப் படங்களில் கருநிறத்தார் முகங்கள் விவரமற்ற நிழலாகப் போயின. கரிய சாக்லேட்டும் மரச்சாமான்களும் படத்தில் வேறுபாடின்றித் தெரிகின்றன என வணிகர்கள் முறையிட்ட பின்னரே படச்சுருளின் குணம் சீராகத் தொடங்கியது என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மனித முகத்துக்காக எழாத அக்கறை மேசைக்காக எழுந்தது.

இன்று பல கைத்தொலைபேசிகள் கேளாமலே முகத்தை வழுவழுப்பாக்கி வெளுப்பாக்குகின்றன. 2021இல் கூகள் நிறுவனம் தன் கைபேசியில் பலவகைத் தோல்நிறங்களையும் உள்ளவாறு காட்டும் முயற்சியை அறிவித்தது. அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே முன்பிருந்த நிலைக்குச் சான்று. இங்கே துலக்கலுக்கும் புனைதலுக்கும் இடையே மெல்லிய கோடுதான் உண்டு. நிழலில் மறைந்த கருமுகத்தின் கண்களும் புன்னகையும் தெரியும்வரை ஒளியூட்டுவது துலக்கல். அம்முகம் பக்கத்திலிருப்பவரின் நிறத்தை எட்டும்வரை தொடர்வது புனைதல். திருமணப் படத்தில் மணமகளின் கைக்கும் முகத்துக்கும் நிறம் ஒவ்வாமல் நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கண்டும் பேசாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

தொடப்படாத படம் உண்டா

'எதையும் தொடாதே, காமிரா தந்தவாறே வெளியிடு' என்போர் உளர். கேட்க நேர்மையாக ஒலிக்கும் இக்கூற்று மின்னிலக்கக் காமிராவின் இயல்புக்குப் பொருந்தாது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிப்பான் அமைப்பே இன்றுவரை பெரும்பாலான காமிராக்களில் உள்ளது. அதில் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்பங்கு சிவப்புக்கு, கால்பங்கு நீலத்துக்கு. எஞ்சிய இரு நிறங்களையும் அண்டைப் புள்ளிகளைப் பார்த்துக் கணினி ஊகிக்கிறது. அதாவது நாம் காணும் நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை அல்ல, கணித்தவை. இவ்விடைக்கணிப்புக்கும் நூலில் நிகழும் இடைச்செருகலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் என்பது எண்ணத்தக்கது.

காமிரா சேமிக்கும் கோப்பிலும் இருவகை உண்டு. 'ரா' எனப்படும் பண்படாக் கோப்பு, 14 பிட் அளவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 ஒளிப்படிகளைக் காக்கும். அது ஏறத்தாழ நெகட்டிவ். ஜேபெக் கோப்பு நிறம் ஒன்றுக்கு 256 படிகளே உடையது. எவ்வளவு ஒளி, எவ்வளவு கூர்மை, என்ன நிறம் என்பவற்றைக் காமிராவைச் செய்தவர்களே முடிவு செய்து, எஞ்சியதை எறிந்துவிட்டுத் தருவது. தொடப்படாத ஜேபெக் என்பது நம் கை படாதது மட்டுமே. எவர் கையும் படாதது அன்று.

இருந்தும் 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் நிறுவனம், பண்படாக் கோப்பிலிருந்து ஆக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், முதலிலேயே ஜேபெக்காக எடுத்தவற்றை அனுப்புங்கள் எனத் தன் பகுதிநேரப் படக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. விரைவும் நேர்மையும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். அதே ஆண்டு உலகச் செய்திப்படப் போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, மூலக்கோப்போடு ஒப்பிட்டபின் தள்ளப்பட்டிருந்தது. சிறுபொருள்களை நீக்கியதும் சேர்த்ததும், சில பகுதிகளை ஒன்றும் தெரியாதவாறு இருளாக்கியதும் குற்றங்கள். முந்தைய ஆண்டில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், சிரியப் போர்ப்படம் ஒன்றின் மூலையில் கிடந்த சக செய்தியாளரின் காமிராவை அழித்த ஒருவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவருடைய ஏனைய படங்களில் ஏறக்குறைய ஐந்நூற்றைச் சோதித்தும் வேறு பிழை காணவில்லை. தண்டனை கடுமையானது எனச் சிலர் வருந்தினர். நம் மதிப்பீட்டில் அது தவிர்க்க இயலாதது. மூலையில் கிடந்த காமிரா, அங்கே வேறு சாட்சியும் இருந்தார் என்பதற்குச் சான்று.

இவ்விடத்தில் ஜேபெக் கட்டளையைவிட மூலக்கோப்பைக் கேட்டுப்பெற்று ஒப்பிடும் வழக்கமே மேலானது என்போம். இது தமிழருக்குப் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏடுகள் தம்முள் மாறுபட்டன. சில இடங்கள் செல்லரித்திருந்தன. எந்தப் பாடத்தைக் கொள்வது என அவர் முடிவெடுத்தே ஆகவேண்டும்; முடிவெடுக்காத பதிப்பு என ஒன்றில்லை. ஆனால் கொள்ளாத பாடங்களைப் பிரதிபேதமாகக் காட்டும் முறையை அவர் கைக்கொண்டார். ஏடு சிதைந்த இடத்தில் சொந்தச் சொல்லால் ஒட்டுப்போடவில்லை. புறநானூற்றில் இன்றும் சில பாடல்கள் இடையிடையே புள்ளிகளோடுதான் நிற்கின்றன. அப்புள்ளிகளைக் கண்டு எந்த மாணவரும் பதிப்பாசிரியரைக் குறைகூறியதில்லை.

இல்லாத புன்னகை

செல்லரித்த இடத்தைத் தானே நிரப்பும் கருவிகள் இப்போது எல்லார் கையிலும் உள்ளன. மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதாகக் கூறும் செயலி உண்மையில் செய்வது, தான் கற்ற எண்ணிறந்த முகங்களின் துணைகொண்டு புதிதாக ஒரு முகத்தை வரைவது. கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறமூட்டும் செயலி சேலையின் நிறத்தை அறியாது, ஊகிக்கிறது.

இதன் ஆபத்தை நம் அண்டை நாடு ஒன்றே உணர்ந்தது. கம்போடியாவின் நோம் பென் நகரில், பள்ளிக்கூடமாயிருந்த கட்டடத்தைக் கெமர் ரூஜ் ஆட்சியினர் 1975க்கும் 1979க்கும் இடையில் துவோல் சிலெங் சிறையாக்கினர். உள்ளே கொண்டுவரப்பட்டவர்களைப் படமெடுத்துப் பதிவுசெய்த பின் வதைத்துக் கொன்றனர். ஆயிரக்கணக்கில் எஞ்சிய அப்படங்களைக் கொண்ட ஆவணக்காப்பகத்தை யுனெஸ்கோ 2009இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2021 ஏப்ரலில் இணைய இதழ் ஒன்று, அப்படங்களுக்கு நிறமூட்டிய அயல்நாட்டுக் கலைஞர் ஒருவரின் பணியை வெளியிட்டது. மூலப் படங்களோடு ஒப்பிட்டவர்கள் திகைத்தனர்: நிறம் மட்டும் ஏற்றப்படவில்லை, சில முகங்களில் புன்னகையும் ஏற்றப்பட்டிருந்தது. கம்போடியப் பண்பாட்டு அமைச்சு கண்டித்தது. இதழ் படங்களை அகற்றியது. அப்புன்னகையை எவரும் கண்டுபிடித்திருக்க முடிந்ததற்கு ஒரே காரணம், மூலங்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தமை.

நம் வீடுகளிலும் தோட்டப்புறப் பள்ளிகளிலும் கோயில் அலுவலகங்களிலும் உள்ள படங்களுக்குப் பெரும்பாலும் அத்தகைய காப்பகம் இல்லை. இருப்பது ஒரு படி. அதுவும் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட படி. பழைய ஸ்டூடியோக்களில் புனைதலும் குறைவாக இருந்ததில்லை. கருப்பு வெள்ளை அச்சின்மேல் கையால் வண்ணம் தீட்டித் தந்தனர். தனித்தனியே எடுத்த கணவன் படத்தையும் மனைவி படத்தையும் வெட்டி ஒட்டி ஒரே இருக்கையில் அமர்த்தித் தந்தனர். கடல் பிரித்தவரையும் காலன் பிரித்தவரையும் சட்டத்துக்குள் சேர்த்துவைத்த அப்பணியைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. குடும்பத்தில் அனைவரும் அறிந்தே செய்த புனைவு அது. ஆனால் அறிந்தவர்கள் மறைந்த பின், மூன்றாம் தலைமுறை மாணவர் அப்படத்தை வைத்துப் பாட்டியும் இந்நாட்டுக்கு வந்திருந்தார் எனக் குடும்ப வரலாறு எழுதினால், அங்கே சான்று பொய்யாகிறது. படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய ஒரு வரி அதைத் தடுத்திருக்கும்.

ஆகவே பழைய படங்களைத் தொகுக்கும் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது, நுட்பத்தினும் ஒழுங்கைச் சார்ந்தது. படத்தை வருடியில் இட்டு இயன்ற உயர்ந்த தரத்தில், சுருக்கப்படாத டிஃப் வடிவில் ஒரு மூலக்கோப்பாகச் சேமித்து, அதை எவரும் திறந்து திருத்தாதவாறு தனியே வைக்க வேண்டும். பின்புறத்தையும் வருட வேண்டும். ஸ்டூடியோவின் முத்திரையும் கையெழுத்தும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். திருத்தங்கள் யாவும் நகலில் நிகழட்டும். பழுப்பேறிய தாளின் மங்கலை நீக்கலாம். வானத்தில் விழுந்த பூஞ்சைக் கறையையும் நீக்கலாம். அதே கறை முகத்தின்மேல் விழுந்திருந்தால் விட்டுவிடுவதே முறை. அதன் கீழே இருந்தது நமக்குத் தெரியாது. வரிசையின் ஓரத்தில் பாதி தெரியும் ஆளை, அவர் பெயர் எவருக்கும் தெரியவில்லை என்பதற்காக வெட்டலாகாது. பெயர் அறிந்தவர் அடுத்த ஆண்டு விழாவுக்கு வரக்கூடும்.

மாணவர்களுக்கு இதனைப் பயிற்சியாகவே தரலாம். ஒரே மூலக்கோப்பிலிருந்து இருவர் இரு படிகளை ஆக்கி, தாம் மாற்றியவற்றை வாக்கியங்களாக எழுதி, ஒருவர் மற்றவருடையதைச் சோதிக்கட்டும். எழுதக் கூச்சம் தரும் மாற்றம் எது என்பது அப்போது அவர்களுக்கே தெரியவரும். மொழிப் பாடத்துக்கும் அது பயன்படும். செய்வினையில் எழுதுவதா, 'நீக்கப்பட்டது' எனச் செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்வதா என்ற வாதம் தானே எழும். பள்ளி மலரில் படத்தின் கீழ் இடம்பெறும் குறிப்பு இவ்வளவு இருந்தாலே போதும்: 'பழைய அச்சிலிருந்து வருடியது. மங்கலைக் குறைத்தோம், இடப்புற வானத்திலிருந்த கறையை நீக்கினோம், நிறம் ஊட்டவில்லை. இரண்டாம் வரிசையில் மூன்றாமவரின் முகம் மூலத்திலும் இவ்வாறே சிதைந்துள்ளது.'